அப்படி ஒருவர் இல்லை

ராத்திரி ஒன்றரைக்கு
யாரோ எங்கள் கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள்.
ஜான் இருக்கிறாரா?
ராபர்ட் இருக்கிறாரா?
சேல்ஸ் ஒன்று, சேல்ஸ் இரண்டு, சேல்ஸ் மூன்று?
கப்பலூர் ரப்பர் கம்பெனியில்
ராபர்ட்டுக்கு என்ன வேலை என்று
தட்டுகிற எந்திரத்துக்கும் தெரியாது.
கையில் ஒரு பெயர் அகராதி,
முதல் பக்கத்திலிருந்து வருகிறது.
டேவிட் என்று கேட்டபோது மட்டும் சிரித்தேன்.
டேவிட் உண்டு, மோல்டிங்கில்.
கம்பெனி அவருக்குக் கையுறை கொடுத்திருக்கிறது,
மின்னஞ்சல் கொடுக்கவில்லை.

முன்பெல்லாம் எல்லாவற்றையும் உள்ளே வாங்கினோம்.
வாங்கிய பிறகு ஆளைத் தேடி,
ஆள் இல்லை என்று கண்டு,
உறைமேல் இருந்த பெயருக்கே திருப்பினோம்.
அந்தப் பெயரும் திருட்டுப் பெயர்.
எங்கோ ஒரு பல் டாக்டர்
தான் எழுதாத கடிதங்களுக்கு
ஆயிரத்து முந்நூறு பதில் வாங்கினார் எங்களிடம்.
அவர் எழுதிய வசவு மட்டும்
பிழையில்லாத விலாசத்தோடு
என் பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

ஆகவே மாசியில் ஒரு பட்டியல் செய்தேன்.
சம்பளப் பதிவேட்டிலிருந்து
நூற்றுப் பதினெட்டுப் பெயர்.
வாசல் எந்திரத்தின் கையில் கொடுத்தேன்:
பெயரைக் கேள்.
இருந்தால் விடு.
இல்லாவிட்டால் உறையைப் பிரிக்குமுன்
ஐந்நூற்று ஐம்பது,
அப்படி ஒருவர் இல்லை.
உள்ளே வாங்கிக் குப்பையில் போடுவதைவிட
வாசலிலேயே இல்லை என்பது மரியாதை.
அப்படித்தான் நினைத்தேன்.
அன்றைக்கு விடியும்வரை தூங்கினேன்.

மாயழகு சார், பர்ச்சேஸ்.
பதிவேட்டில் அவருடைய ழகரத்துக்கு
இசட்டும் ஹெச்சும்.
எங்கள் பக்கத்தில் யார் அப்படிச் சொல்கிறார்கள்?
வாளப்பளம் தின்கிற வாய்.
உசிலம்பட்டியில் அட்டைப்பெட்டி செய்யும் ஒச்சம்மாள்
வாய்க்கு வந்தபடி எல் போட்டு எழுதுவார்.
உள்ளிருக்கும் பழைய சர்வருக்கு
இரண்டு எழுத்தும் பழக்கம்,
யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ சேர்த்துவைத்த மறுபெயர்.
ஆனால் பதிவேட்டில்
மறுபெயருக்குச் சம்பளம் கிடையாது.

நாலு வெள்ளிக்கிழமை, நாலு பில்.
நாலு தடவையும் என் எந்திரம்
ஆங்கிலத்தில் ஒரே வரி சொன்னது.
மகன் படித்துத் தமிழில் சொன்னான்:
"அந்த ஆள் இல்லையாம்மா."

ஐந்தாம் வெள்ளி
ரெண்டு பஸ் மாறி,
இடையில் திருமங்கலத்தில் ஒரு ரோஜாமாலை வாங்கி,
கேட்டில் வந்து நின்றார்.
பில்லைப் பற்றிப் பேச்சே இல்லை.
"நல்ல மனுசன். ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதா?
பதினாறு முடிஞ்சிருச்சா?"
செக்யூரிட்டி காசிமாயன்
வருகைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே விழித்தான்,
துக்கம் விசாரிக்க வருகிறவருக்கு
அதில் தனிக் கட்டம் இல்லை.
அப்போதுதான் மாயழகு சார்
டீ கிளாசோடு வெளியே வந்தார்.

ஒச்சம்மாள் அவரைப் பார்த்தார்.
மாலையைப் பார்த்தார்.
"இல்லைன்னு எளுதி வந்துச்சே சார்..."
சார் சிரிக்கவில்லை.
டீயை அவரிடம் கொடுத்துவிட்டு
மாலையை வாங்கிக்கொண்டு
நேரே என் அறைக்கு வந்தார்.
"இத எங்க போடட்டும்?"

வாசல் எந்திரத்தின் மேல் கிடக்கிறது இன்னும்.
ஏசிக் காற்றில் ரோஜா அழுகுவதில்லை,
கறுத்துக் காகிதமாகிறது.
பழைய சர்வரைக் கிளறி
முப்பத்தேழு மறுபெயர்களைப் பட்டியலில் சேர்த்தேன்.
இல்லை என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.
இப்போது திருப்பி அனுப்பும்போது
இப்படிச் சொல்கிறது, தமிழிலும்:
இந்த எழுத்தில் யாரும் கிடைக்கவில்லை,
எழுத்தைப் பாருங்கள், அல்லது கூப்பிடுங்கள்.
கீழே என் நம்பர்.

ராபர்ட்டைத் தேடுகிறவர்
இதுவரை கூப்பிடவில்லை.
ஒச்சம்மாள்தான், போன பில்லுக்கே பணம் வந்துவிட்டது,
ஆனாலும் வெள்ளிதோறும்,
பில்லை அனுப்புமுன் ஒரு தடவை:
"சார் இருக்காருல்ல?"